ரிலீவர் வரும் வரை காற்று

கிறிஸ்டினாவின் நோட்டில் நான்கு பத்திகள். கோயில், ஊர், குழல்களின் எண்ணிக்கை, முழுதாக வாசித்தது உண்டா இல்லையா. நான்காவது பத்தியில் வரிசையாகப் பதினொரு 'இல்லை'. பன்னிரண்டாவது கோயிலுக்கு நேரே மட்டும் எழுத்து இல்லை, ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. 2018இல் மறைமாவட்ட மலருக்குப் பழைய ஆர்கன்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னபோது அவள் நோட்டைப் பிரித்தாள். பதினொரு கோயில்களைப் பற்றி ஒரே உட்காரலில் எழுதிவிட்டாள். சீட்டிடம் வந்ததும் பேனா நின்றது. சிரிப்பு வந்துவிட்டது.

திருச்சியில் கணக்கு டீச்சர் அவள். ஞாயிறு காலைப் பூசைக்குக் கீபோர்டு வாசிப்பாள். கீபோர்டில் ஆர்கன் சத்தத்துக்கு ஒரு பொத்தான் உண்டு. இருபது வருடம் அதை அழுத்திய பிறகு, உண்மையான குழல்களுக்குள் உண்மையான காற்று போய் வருகிற ஆர்கனில் ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும் என்று ஆசை பிடித்தது. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்திறங்கி, பழைய கோயில்களின் மாடங்களில் தூசியோடு நிற்கிற ஆர்கன்களைத் தேடிக் கோடை விடுமுறைதோறும் போனாள்.

கொண்டுபோனது ஒரே ஓர் இசைக்கோவை. ஒன்பது பக்கம், பதினொரு நிமிடம். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஒரு கோயிலில் இரண்டாம் பக்கத்தில் குழலுக்குள்ளிருந்து வௌவால் கிளம்பியது. இன்னொன்றில் நான்காம் பக்கத்தில் மின்சாரம் போனது. குழல்களுக்குக் காற்று ஏற்றத் துருத்தி அடிக்க வந்த கோயில் பணியாள் ஒருவர் ஐந்தாம் பக்கத்தில் பீடி பற்றவைக்க வெளியே போனவர் திரும்பவே இல்லை. கடலோரக் கோயிலில் ஆறாம் பக்கம் வரை போய்விட்டாள். அப்போது ஒரு கல்யாணக் கூட்டம் உள்ளே நுழைந்தது. பெண்ணின் தாய்மாமன், "இது வேணாம்மா, நல்லதா ஒண்ணு வாசி" என்றார். அதுவரை ஆறுதான் அவளுடைய உச்சம். ஏழு, எட்டு, ஒன்பதாம் பக்கங்களைக் குழலில் அவள் கேட்டதே இல்லை.

பன்னிரண்டாவது ஆர்கன் நெய்வேலிக்குப் பக்கத்தில் இருந்தது. எப்போதோ ஒரு பிரெஞ்சுச் சாமியார் ஒரு கிராமத்துக்குக் கொண்டுவந்து வைத்த சிறிய ஆர்கன், ஐம்பத்திரண்டு குழல். சுரங்கத்துக்காக ஊர் இடம் பெயர்ந்தது. ஊரோடு கோயிலும் கோயிலோடு ஆர்கனும் பெயர்ந்தன. சாவி மரியஜோசப் என்பவரிடம். வாரநாளில் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர், ஞாயிற்றுக்கிழமை உபதேசியார். கிறிஸ்டினா அவரிடம் போனில் மூன்று தடவை சொன்னாள்: "துருத்தி அடிக்க ஆள் வேணும். பாதியில போகாத ஆளா வேணும்."

2013 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெய்வேலியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். எதிரில் நின்றவர் மரியஜோசப் இல்லை. நெற்றியில் விபூதி. கையில் நான்காக மடித்த சீட்டு.

"திருச்சி டீச்சரம்மாங்களா? நான் கொளஞ்சியப்பன். மரியஜோசப்போட ரிலீவருங்க."

"ரிலீவர்னா?"

"அவரு ஷிப்ட் முடிஞ்சா நான் போயி நிப்பன். என்னுது முடிஞ்சா அவரு வந்து நிப்பாரு. இருவது வருசமா இப்பிடித்தான். பாண்டிச்சேரில அவரு பொண்ணுக்கு வலி எடுத்துட்டுதுன்னு காலைல போனு. ஓடிட்டாரு. ஒங்கள ஏங்கிட்ட சார்ஜ் குடுத்துட்டுப் போயிருக்காருங்க."

சீட்டை நீட்டினார். ஷிப்ட் மாறும்போது இயந்திரத்தை ஒப்படைக்கிற பாணியில் மரியஜோசப் எழுதியிருந்தார்.

'டீச்சர் ஒருவர். திருச்சி. நிலை: நன்று. கவனிக்க: காபியில் சர்க்கரை கூடாது. வாசிக்கும்போது காற்று நிற்கக் கூடாது. சார்ஜ் கொடுத்தது: மரியஜோசப். சார்ஜ் பெற்றது: கொளஞ்சியப்பன்.' அதற்குக் கீழே இன்னொரு 'சார்ஜ் பெற்றது' இருந்தது. அது காலியாக இருந்தது.

"அது யாருக்கு?"

"எனக்கு ரிலீவர் வரணுமில்லைங்களா? அதுக்குத்தான்."

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை. உள்ளே போனதும் அவர் மனைவி அம்சவல்லி பையை வாங்கிக்கொண்டு, படுக்கையறையைக் காட்டினாள். கட்டிலில் புது விரிப்பு.

"ஐயோ, இது உங்க கட்டில். அண்ணன் எங்க படுப்பாரு?"

"அவுருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்டு. நைட்ல கட்டிலு சும்மாதான் கெடக்கும். காலைல நீங்க எழுந்துகினா அவுரு வந்து படுத்துக்குவாரு. கட்டிலுக்கும் ஷிப்ட்டுதான் எங்க வூட்ல."

கிறிஸ்டினாவுக்கு இந்த ஏற்பாடு நியாயமாகப் பட்டது. யாருடைய தூக்கத்தையும் தான் தின்னவில்லை என்ற நிம்மதியோடு தூங்கினாள்.

காலை ஆறரைக்குக் கொளஞ்சியப்பன் ஷிப்ட் முடிந்து வந்தார். கை கால் கழுவிக்கொண்டு நேராக வந்து இலையைப் போட்டார். இட்லிச் சட்டியை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ போயி படுய்யா. நான் பாத்துக்க மாட்டனா?" என்றாள் அம்சவல்லி.

"சார்ஜ் என்னுது."

"சார்ஜாம் சார்ஜு. டீச்சரம்மா, ஒண்ணு கேளுங்க. எங்க பொண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடில கொழந்த ஒக்காந்திருக்குது, ஆசாரி ஊசிய வெச்சிகினு இருக்கான். இவுரக் காணம். அங்க ரிலீவர் வரலியாம். பதினாறு மணி நேரம் நின்னுட்டு வராரு. கொழந்த காதுல தோடு போட்டுகினு வெளையாடிகினு இருக்குது."

"பெல்ட்ட வுட்டுட்டு வர முடியுமா?" என்றார் கொளஞ்சியப்பன்.

"காத வுட்டுட்டு இருக்க முடிஞ்சிதில்ல?"

இதற்குள் கிறிஸ்டினாவின் இலையில் ஐந்தாவது இட்லி விழுந்திருந்தது. அவள் வளர்ந்த வீட்டில் ஒரு ஒழுக்கம் உண்டு: பரிமாறுகிறவர் கை நிற்கும் முன் இலையை மூடினால் அது அவமரியாதை. கொளஞ்சியப்பன் வீட்டு ஒழுக்கம் வேறு: விருந்தாளி இலையை மூடும் முன் பரிமாறுகிற கை நின்றால் அது அவமரியாதை. இருவருமே நல்ல வளர்ப்பு. ஒன்பதாவது இட்லியில் அம்சவல்லிதான் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"இப்பவாவது படுங்கண்ணே. கோயிலுக்குச் சாயங்காலம் போகலாம்" என்றாள் கிறிஸ்டினா.

"ஒங்களுக்கு நாலு மணிக்கு விருத்தாசலத்துல ரயிலுங்களே. ஒங்க வேல முடியட்டும். இன்னிக்கு எனக்கு ஆஃப். அப்பறம் தூங்கறன்."

"வூட்லன்னாலும் இவுரு தூங்க மாட்டாரு," என்றாள் அம்சவல்லி. "காலைல கரண்டு போவும். ஃபேன் ஓடுறவரைக்கும் கொழந்த மாதிரி தூங்குவாரு. நின்னுதுன்னா பட்டுனு எழுந்து ஒக்காந்துகினு, யாரு நிறுத்துனதுன்னு கேப்பாரு. ஓடுற பெல்ட்டக் கேட்டுக் கேட்டு காது அப்பிடி ஆயிப்போச்சு."

மொபெட்டில் போகும் வழியில், சுரங்கத்தின் விளிம்பு தெரிகிற இடத்தில் நிறுத்தினார். கீழே, கண்ணுக்கு எட்டியவரை பள்ளம். கொளஞ்சியப்பன் பள்ளத்தைக் காட்டவில்லை. நேராக, காற்றில் கையை நீட்டினார்.

"எங்க வூடுங்க."

"எங்க?"

"அந்தப் பருந்து சுத்துதில்லைங்களா, அதுக்குக் கொஞ்சம் கீழ. பருந்துக்கு இந்தாண்ட கோயிலு."

தோண்டும் முன் தரை இருந்த உயரம் அதுதான். கிறிஸ்டினா பருந்தைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் என்பதால் உயரத்தை மனதுக்குள் கணக்கிட்டும் பார்த்தாள். சரியாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது.

"எங்கப்பாரு அடுத்தவங்க நெலத்துலதான் கூலி. நெலம் வெச்சிருந்தவங்க நெலத்தக் காட்டி வேல கேட்டாங்க. நான் எதக் காட்டுறது? பதினொரு வருசம் கான்ட்ராக்ட்டு. அப்பறம் பர்மனன்ட். கான்ட்ராக்ட்ல இருக்கும்போதுதான் கோயில மாத்துனாங்க. அந்தக் கொழலெல்லாம் துணி சுத்தி தலைல தூக்கிகினு வந்தது நாங்கதாங்க. இன்னா பாரமோன்னு பயந்துகினே தூக்கனன். உள்ள ஒண்ணுமே இல்ல. காத்து."

"வாசிச்சுக் கேட்டிருக்கீங்களா?"

"கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மசு மரியஜோசப் ரெண்டு வெரல்ல வாசிப்பாரு. நான் பின்னாடி நின்னு காத்து அடிப்பன். பின்னாடி லிவரு சத்தந்தாங்க கேக்கும், கீச்சு கீச்சுன்னு. முன்னாடி ஒக்காந்து கேட்டது கெடையாது."

கோயில் சின்னது. நுழைவாசலுக்கு மேல் மாடம் இல்லாததால் ஆர்கனைப் பீடத்துக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள். அலமாரி மாதிரி உயரம். முன்னால் கட்டைகளும் ஸ்டூலும். பின்னால் துருத்தி, அதை ஏற்றி இறக்க ஒரு நீண்ட மரக் கைப்பிடி. வாசிப்பவருக்கு அடிப்பவரைத் தெரியாது, அடிப்பவருக்கு வாசிப்பவரைத் தெரியாது. இந்தக் குறைக்காகவே பிரெஞ்சுச் சாமியார் ஒரு மணியும் கயிறும் வைத்திருந்தார். வாசிப்பவர் கயிற்றை இழுத்தால் பின்னால் மணி அடிக்கும். ஒரு தடவை அடித்தால் தொடங்கு, இரண்டு தடவை அடித்தால் நிறுத்து. மணி இருந்தது. கயிற்றை எலி தின்றிருந்தது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான். பாதியில மட்டும் நிறுத்திடாதீங்க."

"நீங்க கவலயே படாதீங்க. ரிலீவர் வராம எடத்த வுட்டு நகந்ததில்ல நானு."

பின்னால் போனார். கீச்சு என்றது. காற்று ஏறியது. கிறிஸ்டினா இசைத்தாள்களை விரித்து, சிலுவை போட்டுக்கொண்டு, கட்டையில் விரலை வைத்தாள்.

முதல் பக்கம். இரண்டாம் பக்கம், வௌவால் இல்லை. நான்கு, ஐந்து. ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பும்போது பின்னால் காது கொடுத்தாள். கீச்சு, கீச்சு. கடிகாரம் மாதிரி. ஆறாம் பக்கம் முடிந்தபோது வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தாய்மாமன் யாரும் வரவில்லை. ஏழு. எட்டு. ஒன்பது. கடைசிச் சுரங்களை அழுத்திப் பிடித்தாள், விட்டாள்.

முடிந்துவிட்டது.

கோயில் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் கீச்சு, கீச்சு.

கிறிஸ்டினா காத்திருந்தாள். காற்று ஏறிக்கொண்டே இருந்தது. அவருக்கு இன்னும் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தாள். கட்டிலைக் கொடுத்தவர், ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து நிற்கிறவர். அவர் கை நிற்காதபோது எப்படி எழுந்துபோவது? ஒரு மாதா பாட்டு வாசித்தாள். கீச்சு நிற்கவில்லை. இன்னொரு மாதா பாட்டு. பிறகு நற்கருணைப் பாட்டு. மே மாத வெயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் ஆறு. கல்யாண மந்திரிப்புக்கு வாசிப்பது, அடக்கப் பூசைக்கு வாசிப்பது. பள்ளி ஆண்டுவிழாவில் குழந்தைகள் பட்டாம்பூச்சி வேஷம் போட்டு ஆடியது.

"களைப்பா இருக்காண்ணே?" என்று கத்திக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லைங்க! நீங்க வாசிங்க!"

அந்தக் குரலில் களைப்பு இருந்தது. ஆனால் வாசிங்க என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தேசிய கீதம் வாசித்தால் நிகழ்ச்சி முடிந்தது என்று யாருக்கும் தெரியும். எழுந்து நின்றுகொண்டே தொடங்கினாள். பின்னால் இரண்டு குதிகால்கள் சேர்கிற சத்தம் கேட்டது. கொளஞ்சியப்பன் கைப்பிடியை விட்டுவிட்டு விறைப்பாக நின்றுவிட்டார். துருத்தியில் மிச்சமிருந்த காற்று பாதி வரிகளுக்குத்தான் வந்தது. குழல்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. நாட்டுக்கு அவமரியாதை ஆகிவிடக் கூடாதே என்று கிறிஸ்டினா மீதியை வாயால் பாடினாள். பின்னாலிருந்து ஒரு கட்டைக்குரல் சேர்ந்துகொண்டது. இருவருமாக நல்லபடியாக முடித்தார்கள்.

பிறகு, விட்டதைப் பிடிக்கிற வேகத்தில், கீச்சு கீச்சு கீச்சு.

கிறிஸ்டினா உட்கார்ந்தாள். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. மறுபடியும் ஒன்பது பக்கத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

அவள் ஆறாம் பக்கத்தில் இருக்கும்போது அம்சவல்லி சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள். மணி பன்னிரண்டரை. வாசற்படியில் நின்று முன்னால் இருப்பவளைப் பார்த்தாள். வேர்த்து, முடி கலைந்து, அழுகிற முகத்தோடு வாசித்துக்கொண்டிருந்தாள். சுற்றிப் போய்ப் பின்னால் இருப்பவரைப் பார்த்தாள். சட்டையைக் கழற்றிக் கைப்பிடியில் சுற்றிக்கொண்டு, கண் பாதி மூடி, அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பண்ற?"

"ரிலீவர் வரல."

"யாரு வருவா இங்க ரிலீவரு? மாதா எறங்கி வருமா?"

"அந்தம்மா வாசிச்சிகினு இருக்காங்க இல்ல? எப்பிடி வுடறது?"

அம்சவல்லி முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். "டீச்சரம்மா, நீங்க ஏன் வாசிக்கிறீங்க?"

"அண்ணன் அடிச்சுகிட்டு இருக்காரே," என்றாள் கிறிஸ்டினா, வாசித்துக்கொண்டே.

"நல்லா இருக்குதே! ஒருத்தருக்கு ஒருத்தர் மரியாத பண்ணிகினே செத்துப்போவீங்க போலருக்குதே ரெண்டு பேரும்!" கேரியரைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். "நவுரு. நான்தான் ரிலீவரு. சார்ஜக் குடு."

கொளஞ்சியப்பன் கைப்பிடியைக் கொடுத்தார். அம்சவல்லி முறைப்படி நான்கு தடவை அடித்தாள். பிறகு விட்டாள். ஆறாம் பக்கத்தின் கடைசி வரியில் ஆர்கன் மாடு படுக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

கோயில் வராந்தாவில் சாப்பிட்டார்கள். இந்தத் தடவை அம்சவல்லி பரிமாறினாள். கிறிஸ்டினா கையைக் காட்டியதும் நிறுத்தினாள். சாப்பிட்டு முடித்துக் கிறிஸ்டினா நோட்டை எடுத்தாள். நான்காவது பத்தியில் 'ஆம்' என்று எழுதப் போனாள்.

"இன்னாங்க எழுதறீங்க?"

"முழுசா வாசிச்சேன்னு, அண்ணே. முதல் தடவ ஒன்பது பக்கமும் முடிஞ்சுதே."

கொளஞ்சியப்பன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "தப்புங்க. லாக் புக்குல கடைசி நெலவரத்ததான் எழுதணும். கடைசியா எது ஓடுச்சோ அது. கடைசியா ஓடுனது ஆறாம் பக்கத்துல நின்னுபோச்சுங்களே. அதுவும் என் வூட்டுக்காரி கையால."

"ஆமாய்யா, என் மேல எழுது," என்றாள் அம்சவல்லி.

"பரவால்லண்ணே."

"எப்பிடிங்க பரவால்ல? காத்து நிக்கக் கூடாதுன்னு சீட்டுலயே எழுதியிருக்குது." அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தம் தெரிந்தது. "இன்னும் மூணு பக்கந்தானங்க. முடிச்சிட்டு எழுதுங்க."

கிறிஸ்டினா யோசித்தாள். முதல் தடவை ஒன்பது பக்கமும் வாசித்தாள், சரி. ஆனால் கேட்டாளா? காது முழுக்கப் பின்னால் கீச்சில் இருந்தது. ஏழாம் பக்கம் எப்படி இருந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"சரி. ஆனா நீங்க அடிக்கக் கூடாது. முன்னால உட்கார்ந்து கேக்கணும்."

"அடிக்கறது?"

"ரிலீவர் இருக்காங்களே."

அம்சவல்லி கைப்பிடிக்குப் போனாள். கொளஞ்சியப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டு, முதல் பெஞ்சின் நடுவில், பள்ளிக்கூடத்தில் உட்காருவது போல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கிறிஸ்டினா ஏழாம் பக்கத்தைத் திறந்தாள்.

நான்காவது வரியில் அவர் தலை சாய்ந்தது. ஏழாம் பக்க முடிவில் உடம்பும் சாய்ந்தது. எட்டாம் பக்கத்தில் குறட்டை. கிறிஸ்டினா சத்தத்தைக் குறைத்து, மெல்லிய குழல்களை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தாள். ஒன்பதாம் பக்கம் அவள் நினைத்திருந்ததைவிட அழகாக இருந்தது. பயம் இல்லாமல் கேட்டால் இப்படித்தான் இருக்கும் போல. கடைசிச் சுரத்தை விட்டாள். பின்னால் அம்சவல்லி கைப்பிடியை விட்டாள்.

கொளஞ்சியப்பன் பட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"யாரு நிறுத்துனது?"

கிறிஸ்டினா விரலைக் கட்டையில் வைத்துவிட்டாள். பின்னால் கீச்சு என்றது. அம்சவல்லிக்கும் அதே யோசனை. சத்தம் வந்ததும் அவர் அப்படியே சரிந்து, விட்ட இடத்திலிருந்து தூங்கினார்.

அம்சவல்லி ஓரமாகத் தலையை நீட்டினாள். "டீச்சரம்மா, ரயிலு?"

"போகட்டும்."

"அப்ப வாசிங்க. நேத்து காலைலேர்ந்து தூங்கல அவுரு."

மாதா பாட்டிலிருந்து மறுபடி தொடங்கினாள். தேசிய கீதத்தை மட்டும் கவனமாக விட்டுவிட்டாள். பட்டாம்பூச்சிப் பாட்டு மூன்று தடவை வந்தது. நாலரை மணிக்குக் கோயில் வாசலில் ஒரு பை தெரிந்தது, பிறகு ஒரு ஆள். பாண்டிச்சேரியிலிருந்து நேராக வந்த மரியஜோசப். கையில் லட்டு டப்பா.

"பேரன் பொறந்திருக்கான்," என்று தொடங்கியவர் பெஞ்சைப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார். இருபது வருடப் பழக்கம். டப்பாவைப் பீடத்தருகே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் பின்னால் போனார்.

"வாய்யா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று அம்சவல்லி சொல்வது கேட்டது. கைப்பிடி கை மாறியது. ஒரு கீச்சுகூடத் தப்பவில்லை. அம்சவல்லி முன்னால் வந்து, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, தோளைத் தட்டினாள்.

"எழுந்திரு. ஒன் ரிலீவரு வந்துட்டாரு."

சத்தம் நிற்காமலே அவர் விழித்தது அன்றுதான் என்று அம்சவல்லி பிற்பாடு சொன்னாள்.

கொளஞ்சியப்பன் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து சீட்டை எடுத்தார். கிறிஸ்டினாவிடம் பேனா வாங்கி நின்றுகொண்டே எழுதினார்.

"எப்படிண்ணே இருந்துச்சு, முன்னால?" என்றாள் கிறிஸ்டினா.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"எங்க கேட்டீங்க? தூங்குனீங்களே."

"நல்லா இல்லன்னா தூக்கம் வருமாங்க?"

மரியஜோசப் கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்த சீட்டு இனி யாருக்கும் தேவையில்லை என்றதும் கிறிஸ்டினா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி மரியஜோசப் வீட்டில் தங்கினாள். அங்கே சாப்பாட்டில் மூன்றாவது தோசையிலேயே தைரியமாக இலையை மூடினாள்.

ஐந்து வருடம் கழித்து, மலருக்குக் கட்டுரை கேட்டவர் பன்னிரண்டாவது ஆர்கனைப் பற்றி என்ன எழுதுவது என்று போனில் அவசரப்படுத்தினார். கிறிஸ்டினா சீட்டைப் படித்துக் காட்டினாள்.

'நிலை: நன்று. ஒன்பது பக்கமும் முடிந்தது. இடையில் ஒரு நிறுத்தம், காரணம் குடும்பம். ரயில் போய்விட்டது. சார்ஜ் கொடுத்தது: கொளஞ்சியப்பன். சார்ஜ் பெற்றது: மரியஜோசப், மாலை 4.40.'

"இதையா போடறது?" என்றார் அவர்.

"அப்படியே போடுங்க," என்றாள் கிறிஸ்டினா. "குழல் ஐம்பத்திரண்டு. அத மட்டும் மேல சேர்த்துக்குங்க."